செத்துவிட்டு வீட்டுக்கு வந்தால்

என் தொழிலில் நான் பல தடவை செத்திருக்கிறேன். கடைக்குள் புகுந்த கொள்ளைக்காரன் சுட்டுச் செத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்திருக்கிறேன். ஒரு தடவை கதை தொடங்குவதற்கு முன்பே செத்துப்போய், துப்பறியும் அதிகாரி வந்து என் கால்மாட்டில் நின்று தேநீர் குடித்து முடிக்கும்வரை கம்பளத்தில் குப்புறக் கிடந்தேன். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் குணச்சித்திர நடிகனாக இருந்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். உண்மையில், நாடகத்தின் முடிவில் ஓடும் பட்டியலில் என் பாத்திரத்துக்குப் பெயரே இருக்காது. கடைக்காரர். இரண்டாவது மருத்துவர். டாக்ஸிச் சாரதி. இறந்தவரின் தகப்பன். ஆகவே இதிலும் நான் யாருடைய பெயரையும் சொல்லப்போவதில்லை. பெயரில்லாமல் இருப்பது எனக்குப் பழகிப்போன வேலை.

இப்போது கனடாவில், ரொறன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் மகன் வீட்டில் இருக்கிறேன். லண்டனை விட்டு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் முகம் மட்டும் கூடவே வந்துவிட்டது. மனைவியும் நானும் ரொறன்ரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம் குடியிருந்த நாட்களில், மரக்கறிக் கடையில் முருங்கைக்காயைக் கையில் பிடித்தபடி யாராவது ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"அண்ணை, உங்களை எங்கையோ கண்டிருக்கிறன். உங்கடை தம்பி ஆரும் லண்டனிலை பல்லு டொக்டரோ?"

"இல்லைத் தங்கச்சி, அது நான்தான். ஆனா நான் பல்லு டொக்டர் இல்லை."

அதற்குமேல் விளங்கப்படுத்துவது பெரிய பாடு. மனைவி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பழக்கதோஷத்தில் என்னைப் பற்றித் தொடங்கிவிட்டேன்.

செத்த வீட்டுக்குப் போய் வந்தவர்கள் குளிக்காமல் வீட்டுக்குள் நடமாடக்கூடாது என்பது எங்கள் ஆட்கள் எல்லோரும் கைக்கொள்கிற வழக்கம். என் மனைவி அதைக் கொஞ்சம் நீட்டி வைத்திருந்தாள். நான் கமெராவுக்கு முன்னால் செத்துவிட்டு வந்தாலும் அவளுக்கு அது துடக்குத்தான். கதவைத் திறப்பாள், உள்ளே விடமாட்டாள். வாசலை மறித்துக்கொண்டு ஒரு கையை நிலையில் ஊன்றி நின்று கேட்பாள்.

"இண்டைக்குச் செத்தனீங்களோ?"

"ஓம்."

"அப்ப குளியுங்கோ."

எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். விடியற்காலையில் போய், நாள் முழுவதும் கடுதாசிக் கோப்பையில் வாளித் தண்ணீர் போன்ற தேநீரைக் குடித்து, முதுகு நோகக் கிடந்துவிட்டு வருகிறவனுக்கு லண்டன் மார்கழிக் குளிரில் முழுக்கு என்றால் எப்படி இருக்கும்? "நான் என்ன உண்மையாவோ செத்தனான்? மனிசருக்குக் கொஞ்சமாவது புத்தி வேணும்" என்று கத்துவேன். அவள் பதிலுக்குக் கத்தமாட்டாள். "செத்துக் கிடந்தனீங்களோ இல்லையோ?" என்பாள். கிடந்தது உண்மைதானே. நான் குளியலறைக்குள் போனதும் கதவுக்கு வெளியே நின்று சொல்வாள்: "தலையிலயும் ஊத்துங்கோ."

சில நாட்களில் மேலுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு வந்து முழுகிவிட்டேன் என்று பொய் சொல்வேன். நடிப்பில் எத்தனையோ பேரை நம்பவைத்தவன் நான். அவள் நம்பியதே இல்லை. சமையலறைக்குள் விடுவதற்கு முன் கையை நீட்டி என் தலையைத் தொட்டுப் பார்ப்பாள். காய்ந்திருந்தால் திரும்பப் போக வேண்டும். எங்கள் மகன் சிறுவனாகப் படிக்கட்டில் உட்கார்ந்து இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான்.

நான் லண்டனுக்கு நடிக்க வந்தவன் இல்லை. கணக்காளராகப் படிக்க வந்து, சோதனையில் கோட்டைவிட்டு, பெட்ரோல் நிலையம் ஒன்றில் வேலைக்கு நின்றேன். ஒருநாள் அங்கே படம் பிடிக்க வந்தார்கள். பெட்ரோல் அடிப்பவனாக நடிக்க வேண்டிய ஆள் வரவில்லை. பெட்ரோல் அடிப்பவனாகவே நின்ற என்னைப் பார்த்து, நீ செய்வாயா என்றார்கள். அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை. நான் நின்ற இடத்தில் நிற்க ஒருவன் தேவைப்பட்டான். என் தொழில் வாழ்க்கை முழுவதையும் இந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம்.

நடிப்புப் பள்ளியில் படித்தவர்கள் தங்களுக்குள்ளிருந்து எடுப்பார்கள். நான் ஒன்றும் படிக்காதவன். ஆட்களிடமிருந்து எடுத்தேன். எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் சாவியைத் தேடிச் சட்டைப் பைகளைத் தட்டுகிற விதம், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் தும்முவதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றிப் பத்திரப்படுத்துகிற விதம், கோயில் ஐயர் கூட்டம் கலைந்தபிறகு வேட்டியை உதறுகிற விதம். கண்டதையெல்லாம் எடுத்து வைத்துக்கொள்வேன், தேவைப்படும் நாளில் போட்டுக்கொள்வேன். வசனம் இரண்டு வரிதான் இருக்கும். அந்த இரண்டு வரிக்குப் பின்னால் ஒரு முழு மனிதன் நிற்கிறான் என்று பார்ப்பவர் நினைக்க வேண்டும். அதுதான் எங்கள் வேலை.

யுத்தத்தால் ஊருக்குப் போகிற பாதை பூட்டியிருந்த காலம் அது. ஒருநாள் காலையில் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. மகன் மேலே நித்திரை. மனைவி சமையலறையில் நின்றபடியே எடுத்தாள். "ஓம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு "ஓம்". பிறகு வைத்துவிட்டாள். யாழ்ப்பாணத்தில் அவளுடைய தாய் இறந்து, எரித்து, சாம்பலும் கடலில் கரைத்தாகிவிட்டது. செய்தி அவ்வளவு பிந்தித்தான் வந்து சேர்ந்திருந்தது.

அவள் அழவில்லை. அடுப்புக் கம்பியில் தொங்கிய துவாயை எடுத்தாள். நாலாக மடித்தாள். மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினாள். பிறகு அதை விரித்து, மறுபடியும் மடித்து, மறுபடியும் நீவினாள். மூலைக்கு மூலை சரியாக வரவேண்டும் என்பது ஒன்றுதான் உலகத்தில் மிச்சமிருந்த வேலை என்பதுபோல் செய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று நான்தான் அழுதேன். அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "தேத்தண்ணி கொதிக்குது. இறக்குங்கோ."

அதற்கடுத்த வருடம் எனக்கு ஓர் ஆஸ்பத்திரித் தொடர்நாடகத்தில் வேடம் கிடைத்தது. அந்தத் தடவை நான் சாகவில்லை. கதையில் என் மனைவி சாகிறாள். நான் கட்டில் பக்கத்தில் இருந்து அழ வேண்டும். ஒத்திகையில் நன்றாகத்தான் அழுதேன். கொஞ்சம் குறையுங்கள் என்றார் இயக்குநர். குறைத்தேன். இன்னும் என்றார். கதிரை முதுகில் செத்த பெண்ணின் சால்வை கிடந்தது. கை தானாகப் போய் அதை எடுத்தது. நாலாக மடித்தது, நீவியது, விரித்தது, மறுபடியும் மடித்தது. விளக்குப் பிடித்தவர்கள்கூட அசையாமல் நின்றார்கள். அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

அன்றைக்கும் வாசலில் அதே கேள்வி. "இண்டைக்குச் செத்தனீங்களோ?"

"இல்லை. மனிசிதான் செத்தது."

அவள் ஒரு கணம் யோசித்தாள். "அப்ப செத்த வீட்டுக்காரன். குளியுங்கோ."

நான் சாகிற நாடகங்களை அவள் பார்ப்பதில்லை. சாகாத நாடகம் என்பதால் இதைப் பார்க்க வந்து உட்கார்ந்தாள். அந்தக் காட்சி வந்தது, முடிந்தது. விளம்பரமும் ஓடி முடிந்தது. எத்தனையோ பேரிடமிருந்து எடுத்திருக்கிறேன். ஒருவரும் தங்கள் பொருளை அடையாளம் கண்டு வந்து கேட்டதில்லை.

"அது என்ரை மடிப்பு" என்றாள்.

"ஓம்."

"மூலைக்கு மூலை வரேல்லை. என்ன மடிப்பு உது?"

எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம் கேட்டது. பிறகு அங்கிருந்தே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "அம்மாவுக்கு நான் ஒண்டும் செய்யேல்லை. வாய்க்கரிசிகூடப் போடேல்லை. உதாவது இருக்கட்டும்."

அந்தக் காட்சிதான் என்னை ஓரளவு நாலுபேர் அறியச் செய்தது. தெருவில் என்னைக் காண்கிற வெள்ளைக்காரக் கிழவிகள் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்குவார்கள். அதற்குப் பிறகு எனக்கு நிறையச் சாவுகள் வந்தன, துக்கம் விசாரிக்கிற வேடங்கள் வந்தன. அந்த மடிப்பை மட்டும் நான் இன்னொரு வேடத்துக்குப் போடவில்லை. எந்த இயக்குநர் கேட்டும் போடவில்லை.

வேடங்கள் குறைந்தபிறகு, இங்கே வேலைக்கு வந்து கல்யாணமும் செய்திருந்த மகனோடு சேர்ந்துகொள்ளலாம் என்று ரொறன்ரோவுக்கு வந்தோம். முதலில் வெக்ஸ்போர்ட்டில் ஓர் அப்பார்ட்மென்ட். பஸ்ஸில் ஏறிக் கோயிலுக்குப் போகலாம், நடந்து போய்க் கீரை வாங்கலாம் என்று அவளுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. பேத்திதான் அந்தப் பழைய காட்சியை இணையத்தில் தேடிப் பிடித்தாள். அதன்பிறகு பிறந்தநாள், பூப்புனித நீராட்டு என்று எந்த மண்டபத்துக்குப் போனாலும் சாப்பாட்டு மேசையில் யாராவது ஒரு பொடியன் ஒரு கடுதாசி நாப்கினை என் முன்னால் போட்டுவிடுவான். "அங்கிள், ஒருக்கா மடிச்சுக் காட்டுங்கோ."

நான் மடிப்பேன். எல்லோரும் கைதட்டிச் சிரிப்பார்கள். மனைவி பக்கத்தில் இருந்து, "மூலை, மூலை" என்று என் விலாவில் குத்துவாள். அவளுடைய சொத்து, அவள் முன்னிலையில்தான் செலவானது. அவளே சிரிக்கும்போது எனக்கென்ன? மகன் அதை எங்கள் இருவருக்குள்ளும் உள்ள ஏதோ பழைய பகிடி என்று எடுத்திருப்பான். அவனுக்கு நாங்கள் எதையும் விளங்கப்படுத்தவில்லை. பிள்ளைகளிடம் யார் இதையெல்லாம் சொல்கிறார்கள்?

பிறகு அவள் வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தாள். அப்பார்ட்மென்ட்டை விட்டு ஸ்ரௌவ்வில்லுக்கு மகன் வீட்டுக்கு வந்தோம். அந்தக் குளிர்காலம் முழுவதும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் காரில் ஓடித் திரிந்தவன் அவன்தான். தாயைத் தூக்கி இருத்தினான், மருந்து கொடுத்தான், சீப்பால் தலை இழுத்தான். நான் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான். பனி கரையத் தொடங்கிய நாட்களில் அவள் போய்விட்டாள்.

ஸ்காபரோவில் ஓர் இறுதிச் சடங்கு மண்டபம். கூறைச்சேலை உடுத்திப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். மகன் வேட்டியோடு எல்லாக் கிரியைகளையும் செய்தான். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தார்கள். லண்டனிலும் ஊரிலும் உள்ளவர்கள் பார்ப்பதற்காக ஒரு பக்கத்தில் கமெரா வைத்து நேரடியாக ஒளிபரப்பினார்கள். என்னைத் தலைமாட்டில் ஒரு கதிரையில் இருத்தியிருந்தார்கள். மண்டபம் குளிர் என்று மருமகள் என் மனைவியின் கம்பளிச் சால்வையை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

அடுத்து என் கைகள் என்ன செய்தன என்பது எனக்குத் தெரியாது. பிறகு ஒளிப்பதிவில் பார்த்துத்தான் அறிந்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிழவன் இருக்கிறான். சால்வையை நாலாக மடிக்கிறான், நீவுகிறான், விரிக்கிறான், மறுபடியும் மடிக்கிறான். வாய்க்கரிசி போட வந்தவர்கள் அவனைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். பின்வரிசையில் யாரோ, "அந்த சீன்தான்" என்று சொல்வதும் ஒலிவாங்கியில் விழுந்திருக்கிறது.

எல்லாம் முடிந்து, தகனசாலையில் மகன் பொத்தானை அமர்த்தி, நாங்கள் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். அவன்தான் ஓட்டினான். கார் மார்க்கம் வீதியில் ஏறியது. பிறகு கண்ணாடியில்கூட என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"அப்பா, அம்மாவின்ரை செத்த வீட்டிலையும் அதைச் செய்யோணுமோ? எல்லாரும் பாத்துக்கொண்டிருந்தவை. லண்டனிலை இருந்து மெசேஜ் போடுகினம், அப்பா இன்னும் நடிப்பை விடேல்லைப் போலை எண்டு."

மருமகள் அவன் தோளைத் தொட்டாள். அவன் மேலும் ஒன்று சொன்னான். "ஒரு நாள். ஒரே ஒரு நாள் நடியாமல் இருந்திருக்கலாம்."

வீட்டுக்கு வந்தோம். எல்லோரும் குளிக்கப் போனார்கள். வாசலில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். எதற்கு நிற்கிறேன் என்று எனக்கே கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. இவ்வளவு காலத்தில் முதல் தடவையாக உண்மையிலேயே செத்த வீட்டுக்காரனாக வந்திருக்கிறேன், மறிக்க ஆள் இல்லை. நானாகவே போய்க் குளித்தேன்.

அதற்குப் பிறகு மகன் மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. மருந்துக் குளிசை எடுத்து வைத்தான், செருப்பை எடுத்து வைத்தான், "சாப்பிட்டிட்டியளோ?" என்று கேட்டான். முகத்தை மட்டும் பார்க்கமாட்டான். அந்தச் செய்தியைக் கேட்ட காலையையும் துவாயையும் அவனுக்குச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எத்தனையோ தடவை சொல்லப்போனேன். வாய்வரைக்கும் வந்ததும் என் குரலே எனக்கு வசனம்போல் கேட்டது. நடிகன் என்று பெயரெடுத்தவன் சத்தியம் செய்தால் அதுவும் நடிப்புத்தான். பார்த்த சாட்சி ஒருத்திதான். அவளைத்தான் எரித்துவிட்டு வந்திருந்தோம். இன்னொன்றும் இருந்தது. அவளை எரித்த அன்றைக்கு நான் அழவே இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, உறவினர்கள் எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகும் எனக்கு அழுகை வரவில்லை. அவன் சொன்னதுதான் சரியோ, எனக்குள் நடிப்பைத் தவிர ஒன்றுமே மிஞ்சவில்லையோ என்று நானே பயந்துபோயிருந்தேன். அவன் என்னை நம்பாவிட்டால் நான் என்னை நம்பமுடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் ஒரு வேலை வந்தது. இங்கே வேடம் பிடித்துத் தரும் ஒரு பெண்பிள்ளை எப்போதாவது அழைப்பாள். பிணமாகக் கிடக்க ஒரு முதியவர் வேண்டும், ஒரு நாள் வேலை என்றாள். நான் யோசிக்காமல் வருகிறேன் என்றேன்.

"மாமா, இப்ப தேவையோ?" என்றாள் மருமகள்.

மகன் தட்டிலிருந்து தலை நிமிராமல், "அவருக்கு விருப்பமெண்டால் போகட்டும்" என்றான். நான் எதிரில் இருக்கும்போதே 'அவர்' என்றான். உண்மையைச் சொன்னால், அந்த வீட்டில் உயிரோடு இருப்பதைவிட அங்கே போய்ச் செத்துக் கிடப்பது சுகம் என்றுதான் பட்டது.

ஸ்ரௌவ்வில்லில் கார் இல்லாதவனுக்குக் கால் இல்லை. என் ஓட்டுநர் அனுமதியைத் திருப்பிக் கொடுத்துக் கனகாலம். ஆகவே அவன்தான் லீவு எடுத்துக்கொண்டு என்னைக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. வழி நெடுகப் புதிது புதிதாக முளைத்த வீடுகளைப் பார்த்துக்கொண்டு போனோம். நான் வெளியே பார்த்தேன், அவன் வீதியைப் பார்த்தான்.

ஸ்காபரோவில் பழைய களஞ்சியம் ஒன்றுக்குள் ஒரு படுக்கையறை கட்டியிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வெயில்கூட இருந்தது, விளக்கு வெயில். மகனைத் திருப்பி அனுப்புவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் அன்பாக அவனுக்கு ஒரு கதிரை கொடுத்து, திரைக்குப் பின்னால் இயக்குநர் பக்கத்தில் இருத்தி, காதில் மாட்ட ஹெட்போனும் கொடுத்தார்கள். இவ்வளவு காலத்தில் அவன் என் வேலையிடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. என் சட்டைக்குள் சின்ன ஒலிவாங்கி ஒன்றைச் செருகினார்கள். பிணத்துக்கு எதற்கு என்றேன். சாவதற்கு முன்னால் ஒரு மூச்சு இருக்கிறது என்றார்கள்.

செத்தவனாக நடிப்பது மூச்சை அடக்கிக் கிடப்பது என்று ஆட்கள் நினைக்கிறார்கள். அடக்கினால் கழுத்து நரம்பு துடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். கமெரா பார்க்காத பக்கத்தால், வயிற்றின் அடியில், எறும்பு ஊர்வது போல் மூச்சு விட வேண்டும். கண்ணை மூடக்கூடாது, இமை தானாக விழ விட வேண்டும். இவை எனக்கு நித்திரையிலும் வரும். கிடந்தேன்.

என் மனைவியாக நடித்தவர் தமிழ்நாட்டுப் பெண். நல்ல நடிகை. நன்றாக அழுதார். இயக்குநர் இங்கே பிறந்து வளர்ந்த இளைஞன். அவனுக்கு அழுகை போதவில்லையா, கூடிவிட்டதா என்று சொல்லத் தெரியவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தான். பிறகு எழுந்து வந்து, என் கட்டில் ஓரத்தில் குந்தி, மிகுந்த மரியாதையோடு ஆங்கிலத்தில் கேட்டான். உங்களுடைய அந்த ஆஸ்பத்திரிக் காட்சியைப் பார்த்துத்தான் உங்களை அழைத்தேன், அந்த மடிப்பை இவருக்குச் சொல்லித்தர முடியுமா என்றான்.

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"அது என்னுடையது இல்லை" என்றேன்.

அடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான். வேறு யாருடையது என்றான்.

"என் மனைவியுடையது. அவளுடைய அம்மா செத்த செய்தி தொலைபேசியில் வந்தது. யுத்த நேரம், அவளால் போக முடியவில்லை. அழவும் இல்லை. சமையலறைத் துவாயை எடுத்து அப்படி மடித்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு தடவை என் தொழிலுக்கு எடுத்தேன். அவள் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு இதாவது இருக்கட்டும் என்றாள். அவள் இருக்கும்வரை அவள் முன்னால் விளையாட்டுக்கும் செய்து காட்டினேன். போன மாதம் அவளை எரித்துவிட்டோம். இனிக் கேட்பதற்கு ஆள் இல்லை. தரமாட்டேன்."

எனக்குக் குரல் ஏறிவிட்டது. கோபக்காரன் என்று சொன்னேனே. அந்தப் பையன் நல்லவன். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். பிறகு அந்த நடிகையிடம், ஒன்றும் செய்ய வேண்டாம், பக்கத்தில் சும்மா இருங்கள் என்றான். அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அதுவே போதுமாக இருந்தது. நான் மறுபடியும் படுத்துச் செத்துக் கிடந்தேன். பாதியில்தான் நினைவு வந்தது: சட்டைக்குள் ஒலிவாங்கி, மகன் காதில் ஹெட்போன். எழுந்து அவன் முகத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது. செத்தவனுக்கு அந்த வசதி கிடையாது.

பின்னேரம் திரும்பினோம். சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டான்.

"அண்டைக்கு நான் எங்கை?"

"மேலை நித்திரை. சின்னப்பிள்ளை."

"அம்மா அழவே இல்லையோ?"

"இல்லை."

"பிறகு என்ன செய்தவ?"

"தேத்தண்ணி கொதிக்குது, இறக்குங்கோ எண்டவ."

அவன் மூக்கால் ஒரு சத்தம் விட்டான். சிரிப்பு என்று நினைத்தேன், முழுவதும் சிரிப்பு இல்லை. பின்னால் நின்ற கார் ஹோன் அடித்தது. பச்சை விழுந்து கொஞ்ச நேரமாகியிருந்தது. காரை எடுத்துக்கொண்டே, "மூலை, மூலை எண்டு உங்களைக் குத்துறது இதுக்குத்தானோ?" என்றான்.

"ஓம். அதுதான்."

வீட்டுக்கு வந்தோம். அவன் எனக்கு முன்னால் இறங்கிப் போய்க் கதவைத் திறந்தான். உள்ளே மருமகள் தேநீர் போடும் வாசனை வந்தது. நான் சப்பாத்தைக் கழற்றக் குனிந்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் உள்ளே போகாமல் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். ஒரு கை நிலையில் ஊன்றியிருந்தது. முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டான்.

"அப்பா, இண்டைக்குச் செத்தனீங்களோ?"

தலையை ஆட்டினேன்.

"அப்ப குளியுங்கோ."

நான் உடுப்போடேயே போய்த் தண்ணீருக்குக் கீழ் நின்றேன். அங்கேதான் அழுதேன். மூக்கு ஒழுகி, தொண்டை கிழிந்து, மாடு கத்துவதுபோல் அழுதேன். எந்த இயக்குநரும் ஏற்றுக்கொள்ளாத அழுகை. கொஞ்சம் குறையுங்கள் என்று சொல்லவும் ஆளில்லை. கதவுக்கு வெளியே அவன் நிற்பது தெரிந்தது.

"தலையிலயும் ஊத்துங்கோ" என்றான். அவனுடைய குரலும் உடைந்திருந்தது.

"ஊத்துறன், ஊத்துறன்" என்று கத்தினேன்.

வெளியே வந்தபோது துவாயோடு நின்றான். அதைத் தருவதற்கு முன்னால் கையை நீட்டி என் தலையைத் தொட்டுப் பார்த்தான். நன்றாக நனைந்திருந்தது.